ஜீப்புக்கு நாலு கால்

அத்தியாயம் 5

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் மாடிப்படி ஏறி வந்த அந்த அம்மா, வந்ததும் நாற்காலியில் உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய் நாலு ரோட்டைப் பார்த்தார். கீழே நீல நிறத்தில் ஏதோ போனது. கழுத்தை நீட்டினார். தண்ணீர் கேன் வண்டி. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தொலைஞ்சது நீல வண்டி. ஆளு வத்தல்மலை," என்றேன் மேடத்திடம் மெதுவாக.

நான் பூவரசன். பத்து வருஷம் தருமபுரி–மொரப்பூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முகத்தைப் பார்த்தே இறங்கும் இடத்தைச் சொல்லிவிடுவேன். அந்தத் திறமைக்காகத்தான் மேடம் என்னை உதவியாளராக வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன். டீ வாங்கி வர ஆள் வேண்டியிருந்தது என்று அவர் சொல்கிறார்.

மேடம் என்றால் அமுதவல்லி. இருபத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, மோதிய வண்டி, கவிழ்ந்த வண்டி, மோதியதாகவும் கவிழ்ந்ததாகவும் சொல்லப்பட்ட வண்டி எல்லாவற்றையும் குனிந்து பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை விட்டதும் ஜெராக்ஸ் கடைக்கு மேல் இந்த விசாரணை நிலையத்தை ஆரம்பித்தார். குனிந்து பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. புதிதாக யார் வந்தாலும் முதலில் செருப்பைத்தான் பார்ப்பார்.

"செருப்புல செம்மண்ணு. கால்ல கிரீஸு. நீங்களே வண்டி ஓட்டறவங்க," என்றார்.

"ஆமாங்க. சென்னம்மாள்ங்க. என் ஜீப்பு காணம்ங்க."

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். புதன்கிழமை சாயங்காலம் மலை அடிவாரத்தில் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, கடைசி பஸ் பிடித்து மேலே போயிருக்கிறார். வியாழக்கிழமை காலையில் மெக்கானிக்கோடு இறங்கி வந்தால் புளியமரம் மட்டும் இருந்திருக்கிறது.

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். பழைய வண்டிதான, அதை எவன் எடுப்பான்னு என்னையவே கேக்கறாங்க."

"நல்ல கேள்விதான்," என்றார் மேடம். "எவன் எடுப்பான்? அதை அப்புறம் பாக்கலாம். இப்ப உங்களுக்கு என்ன அவசரம், அதைச் சொல்லுங்க."

சென்னம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "திங்கக்கெழம மொத லோடுங்க. மலையில நாப்பது பொம்பளைங்க சாமைய மூட்ட கட்டி வெச்சிருக்கறாங்க. எங்க குழு. திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள தருமபுரி கம்பெனியில எறக்கணும். எறக்கலன்னா இந்த வருசம் பூரா வேற ஊருக்காரங்க கிட்ட வாங்கிக்குவாங்க. பேசி முடிச்சவ நான். என் பேச்சக் கேட்டுத்தான் ஒருத்தியும் வியாபாரிக்குப் போடாம வெச்சிருக்கறா. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மேல ஏறுவேன்?"

"வேற வண்டி பிடிச்சா?"

"டெம்போ எல்லாம் பாறை தட்டும்ங்க. ஒவ்வொரு வூட்டு வாசலுக்கும் ஏறி ஏறி ஏத்தணும். அதுக்குத்தான் என் வண்டிக்கு ஸ்பிரிங்குப் பட்டை ரெண்டு சேத்துப் போட்டுத் தூக்கி வெச்சிருக்கறேன். பட்டை சேத்துனா வண்டி ஒரு சாண் உசரம் ஏறிடும். மலையில இன்னொரு ஜீப்பு இருக்குது. அர்ச்சுனனுது. கியர்பாக்ஸு ஒடஞ்சு மூணு மாசமாப் படுத்துக் கெடக்குது. அவனும் பாவம், ரெண்டு நாளா என்கூடவே தேடி அலையறான்."

"புதன்கிழமை ஏன் அடிவாரத்துல விட்டுட்டுப் போனீங்க?"

"பிரேக்கு சூடாயிப் பொகையடிச்சுதுங்க. லோடு அப்பிடி. நாலு உரலு."

"உரலா?" என்றேன். மிக்ஸி காலத்தில் உரலுக்கு லோடு அடிக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

"அதாந் தம்பி. வாசல்ல சும்மா கெடந்த உரலுங்க. பெங்களூரு பக்கம் ஏதோ ரிசார்ட்டுல தோட்டத்துல வெச்சு அழகு பாக்கறாங்களாம். அர்ச்சுனன்தான் வூடு வூடாப் போயி, டேப்பு வெச்சு அளந்து அளந்து நாலு பொறுக்குனான். என் உரலும் ஒண்ணு. எடம் காலியாவட்டும்னு குடுத்துட்டேன். அடிவாரத்துல அவன் வூட்டுலயே கொண்டுபோயி எறக்கிட்டுத்தான் புளியமரத்துக்கு வந்தேன்."

மேடம் உரலைப் பற்றி மேலே கேட்கவில்லை. அவருக்கு வண்டிதான் முக்கியமாகப் பட்டது. எனக்கும்தான். பின்னால் இதை நினைத்து நாங்கள் இருவரும் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறோம். அதற்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது.

"கடைசியா வண்டிக்குப் புதுசா என்ன செஞ்சீங்க?"

"போன மாசம் கியர்பாக்ஸ் முழுசா மாத்துனேங்க. அந்த மாடலுக்கு இப்பக் கெடைக்கறதே இல்ல. எட்டு மாசம் தேடி வாங்கிப் போட்டேன். போட்ட அன்னிக்கு முனியப்பனுக்குப் பொங்கல் வெச்சு மலைக்கே குடுத்தேன்."

மேடம் பேனாவை மூடினார். அவர் பேனாவை மூடினால் மூளையைத் திறந்துவிட்டார் என்று அர்த்தம்.

"பூவரசா, கேட்டுக்க. இந்த வண்டிய விக்க முடியாது. ஜில்லா பூரா தெரிஞ்ச வண்டி. தூரமா ஓட்டிட்டுப் போகவும் முடியாது, பிரேக் இல்ல. அப்ப எதுக்கு எடுத்தான்? கழட்டறதுக்கு. கியர்பாக்ஸுக்குப் பொங்கல் வெச்சா ஊருக்கே தெரியுமில்ல, புது சாமான் இருக்குதுன்னு."

"எந்த ஒர்க் ஷாப்புன்னு தேடிப் பாத்துடலாமே மேடம்."

"எந்த ஒர்க் ஷாப்புக்காரன் இந்த வண்டிய உள்ள விடுவான்? பாத்த உடனே சென்னம்மாளுக்கு போன் போட்டுடுவான். வீட்டுலதான் வெச்சுக் கழட்டணும். வீட்டுல கியர்பாக்ஸ் எறக்கணும்னா ஆளு அடியில போகணும். ஏற்கனவே ஒரு சாண் தூக்கி வெச்ச வண்டிய இன்னும் மேல தூக்கி நிறுத்தணும். அதுக்குச் சாதாரண ஸ்டாண்டு எட்டாது. உசரமான ஸ்டாண்டு வேணும். நாலு." மேடம் எழுந்து கார் சாவியை எடுத்தார். "வண்டியத் தேட வேண்டாம். அது நிக்கற காலைத் தேடுவோம்."

சென்னம்மாளும் கூடவே வருவேன் என்றார். ஜன்னலில் நிற்பதைவிட அது மேல் என்று நாங்களும் ஏற்றிக்கொண்டோம்.

*

பென்னாகரம் ரோட்டில் வெங்கடாசலத்தின் டூல்ஸ் கடையில் ஈ காக்கை இல்லை. சனிக்கிழமை யாரும் இரும்பு வாங்க மாட்டார்கள். அதனால் சனிக்கிழமைகளில் அவருக்குப் பேச ஆள் கிடைப்பதில்லை. எங்களைப் பார்த்ததும் ஸ்டூல் மூன்றைத் துடைத்துப் போட்டார்.

"உசரமான ஸ்டாண்டா மேடம்? வண்டிக்கு அடியில வெக்கறதுதான? அதுல தெரிஞ்சுக்க வேண்டியது நெறைய இருக்குது. மொதல்ல ஒண்ணு. ஜாக்கி தூக்கும், தாங்காது. ஜாக்கிய நம்பி அடியில போறவன் இன்சூரன்ஸ் போட்டுட்டுத்தான் போகணும். தாங்கறது ஸ்டாண்டு. வீட்டுல ரிப்பேர் பாக்கறவங்க இதைத்தான் மறந்துடறாங்க."

"எப்படித் தேர்ந்தெடுக்கறது?" என்றார் மேடம். அவருக்கு விற்பனைப் பட்டியல்தான் வேண்டும். ஆனால் வெங்கடாசலத்தை நேராகக் கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று தெரிந்து வைத்திருந்தார்.

வெங்கடாசலம் ஒரு ஸ்டாண்டைத் தூக்கி மேஜை மேல் வைத்தார். மூன்றடி மேஜை அதிர்ந்தது. "எடை தாங்கணும், அது சொல்லவே வேண்டாம். அதுக்கு மேல உசரம் பாக்கணும். ஏத்துனா எவ்வளவு, எறக்குனா எவ்வளவு, ரெண்டும். அப்புறம் அடி. உசரம் ஏற ஏற அடி அகலமா இருக்கணும், இல்லன்னா சாஞ்சுடும். மண்ணுத் தரையா இருந்தா கால் உள்ள எறங்கும், பலகை போடணும். அடுத்தது தலை. இதோ பாருங்க, நடுவுல குழியா இருக்குது. வழவழன்னு இருந்தா வண்டி வழுக்கிடும். அடியில இருக்கற எதையாவது வாங்கிப் புடிச்சுக்கற மாதிரி குழி வேணும்."

"அவ்வளவுதானா?"

"நாலும் ஒரே உசரம். அதுதான் முக்கியம். ஒண்ணு ஒரு வெரக்கடை ஏறி நின்னாலும் வண்டி ஒரு பக்கம் பாக்கும். எறங்கி ஓடறதுக்குள்ள..." அவர் கையைத் தட்டிக் காட்டினார். சென்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்த மாதிரி உசரமானது எவ்வளவு ஓடுது?"

"எங்க ஓடுது? ஆறு மாசமாத் தூசி தட்டிக்கிட்டு இருந்தேன். போன வியாழக்கெழமதான் ஒருத்தர் நாலு வாங்கிட்டுப் போனாரு. அதுவும் ஆட்டோ வெச்சு வீட்டுக்கே அனுப்பச் சொல்லி."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் கூரையைப் பார்த்தார். ஜீப் காணாமல் போனதும் அதே வியாழன்.

"எதுக்குன்னு சொன்னாரா?" என்றேன், சும்மா கேட்பது போல.

"ஜீப்புக்குன்னாரு. என்ன ஜீப்புங்கன்னு கேட்டேன். பதில் சொல்லாமக் கெளம்பிட்டாரு. நல்லம்பள்ளி, ராஜாமணின்னு பேரு. ஆட்டோக்காரன்கிட்ட பின்பக்கமா வந்து எறக்கச் சொல்லியிருக்கறாரு."

பின்பக்கம். காருக்குத் திரும்பும்போது நான் விசில் ஊதினேன். கண்டக்டர் விசில் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. மேடம் அதைப் பிடுங்கி டேஷ்போர்டில் போட்டார்.

*

நல்லம்பள்ளியில் டீக்கடையில் நிறுத்தி விசாரித்தேன். "ராஜாமணி வூட்டுல ஜீப்பு நிக்குதுன்னாங்க, விக்கறாரா?"

"ஜீப்பா? அவருகிட்ட சின்னக் காருதான் இருக்குது," என்றார் டீ மாஸ்டர். "மிலிட்டரியில மெக்கானிக்கா இருந்து வந்தவரு. ரெண்டு நாளா ஷெட்ட விட்டு வெளிய வர்றதில்ல. ஷட்டரையும் பாதி எறக்கி வெச்சுக்கறாரு."

மெக்கானிக். இல்லாத ஜீப். பாதி இறக்கிய ஷட்டர். வழக்கு இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டதே, சம்பளத்தைக் குறைத்துவிடப் போகிறாரே என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

ராஜாமணி வீட்டுப் பின்பக்கம் போனோம். ஷட்டருக்குக் கீழே இரண்டு பாதங்கள் தெரிந்தன. நான் குனிந்து, "சார், ஜீப்பு சம்பந்தமாப் பேசணும்," என்றேன். பாதங்கள் அவசரமாக உள்ளே ஓடின. தார்ப்பாய் இழுபடும் சத்தம் கேட்டது. ஷட்டர் ஏறியபோது, அறுபது வயது ராஜாமணி மூச்சு வாங்க நின்றிருந்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய தொந்தி. அவருக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திய ஒன்று, என் மார்பு உயரத்துக்கும் மேலே நின்றது.

"எந்த ஜீப்பு? எனக்கு எந்த ஜீப்பும் தெரியாது."

"கடையில ஜீப்புக்குன்னு சொல்லித்தான ஸ்டாண்டு வாங்குனீங்க?"

ராஜாமணியின் மீசை துடித்தது. சென்னம்மாள் அதற்கு மேல் பொறுக்கவில்லை. விறுவிறுவென்று போய்த் தார்ப்பாயைப் பிடித்து ஒரே இழுப்பு.

சிவப்பு நிறத்தில் ஒரு குட்டிக் கார். நாலு உயரமான ஸ்டாண்டுகளின் மேல், ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில், அசடு வழிந்துகொண்டு நின்றது.

சென்னம்மாள் தார்ப்பாயைக் கையில் வைத்துக்கொண்டே திண்டாடினார்.

"நான் சொன்னேன்ல, யாராச்சும் கேப்பாங்கன்னு," என்று வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. ராஜாமணியின் மனைவி சுமலதா டீத் தட்டோடு வந்தார். "உண்மையச் சொல்லிடுங்க."

"சுமலதா, வேண்டாம்."

"நானே சொல்றேன். மிலிட்டரியில இருந்தப்ப இவரு ஒரு ஜாண் எடத்துல நொழஞ்சு ஜீப்ப ரிப்பேர் பண்ணுவாராம். அந்த நெனப்புல போன மாசம் சின்ன ஸ்டாண்டு வெச்சுக் காருக்கு அடியில போனாரு. போனவரு வரல. வயிறு மாட்டிக்கிச்சு. நான் ஜாக்கி வெச்சுக் காரத் தூக்கித்தான் வெளிய எடுத்தேன். ஒண்ணு வயித்தக் கொறைங்க, இல்ல ஸ்டாண்ட உசத்துங்கன்னேன். இவருக்கு ரெண்டாவதுதான் சுலபமாப் பட்டுது."

"சின்னக் காருக்கு இவ்வளவு உசரம் எதுக்குன்னு கடைக்காரன் கேப்பான்," என்றார் ராஜாமணி தரையைப் பார்த்து. "ஜீப்புன்னுட்டேன். இருவத்தாறு வருசம் ஜீப்புல வேல பாத்தவன் சார் நான். காருக்கடியில மாட்டிக்கிட்டேன்னு எப்பிடிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சென்னம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவர் தார்ப்பாயை ஒழுங்காக மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்தும் மறுபடி பிரித்து மடித்தார். மணி ஒன்றரை. மலையில் நாற்பது பேர் மூட்டை கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். எங்களிடம் இருந்த ஒரே தடம் ஒரு தொந்தியில் வந்து முடிந்திருந்தது.

அலுப்பில் டீ டம்ளரை வாங்கிக்கொண்டு ஷெட் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

மேடம் என்னையே பார்த்தார். பத்து விநாடி. இருபது விநாடி. ஆறு வருஷத்தில் அவர் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. நான் தலைமுடியைச் சரி செய்துகொண்டேன்.

"பூவரசா, எழுந்திரு."

"ஏன் மேடம், நல்லாத்தான் உக்காந்திருக்கறேன்."

"அதான் எழுந்திருன்னேன். உன்னைப் பாக்கல. உனக்கு அடியில இருக்கறதைப் பாத்தேன்."

எழுந்து திரும்பினேன். வீட்டுக்கு வீடு இருக்கும் கல் உரல். மேடம் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார். ஒன்றரை அடிக்கு ஒரு விரல் கூட. எழுந்து போய்க் காருக்குக் கீழே ராஜாமணியின் ஸ்டாண்டையும் அளந்தார். ஏறக்குறைய அதே உயரம்.

"வெங்கடாசலம் சொன்னதை ஒவ்வொண்ணாச் சொல்லு."

ஸ்டாப்பிங் பெயர் கூவுகிற மாதிரி சொன்னேன். "எடை தாங்கணும்."

மேடம் உரலின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"உசரம் வேணும். அடி அகலமா இருக்கணும். மண்ணுக்குள்ள எறங்கக் கூடாது." சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் போனது. "தலையில குழி இருக்கணும்."

மேடம் உரல் குழிக்குள் கையை விட்டார். "கடைசியா?"

"நாலும் ஒரே உசரம்."

சென்னம்மாளின் கையிலிருந்து தார்ப்பாய் விழுந்தது.

"தோட்டத்துல அழகுக்கு வெக்கற உரலு ஒண்ணு பெருசா இருக்கலாம், ஒண்ணு சின்னதா இருக்கலாம்," என்றார் மேடம். "அர்ச்சுனன் எதுக்குங்க டேப்பு வெச்சு அளந்தான்? ஏன் சரியா நாலு? ஸ்டாண்டு வாங்குனா கடைக்காரன் ஞாபகம் வெச்சுக்குவான்னு அவனுக்குத் தெரியும். உரலு வாங்குனா யாரு ஞாபகம் வெச்சுக்குவா? காலையில நீங்க சொன்னீங்க, நான் காதுல வாங்கல. கால்னா இரும்புக் கால்தான்னு நானா நெனச்சுக்கிட்டேன். மன்னிச்சுக்கங்க."

சென்னம்மாள் குனிந்து தார்ப்பாயை எடுத்தார். பிறகு, "ரெண்டு நாளு என்கூட வந்து தேடுனான்ங்க அவன்," என்று மட்டும் சொன்னார்.

*

அடிவாரத்தில் அர்ச்சுனன் வீட்டு வாசலில் பழுப்பு நிற ஜீப் ஒன்று பானெட் திறந்தபடி கிடந்தது. நாற்பது வயது அர்ச்சுனன் வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டு வந்தான். சென்னம்மாளைக் காருக்குள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தோம்.

"ரிசார்ட்டுக்கு உரலு வேணும்னு வந்தோம்," என்றார் மேடம். "உங்ககிட்ட இருக்குதுன்னாங்க."

"இருந்துதுங்க. பொதன்கெழமயே டெம்போ வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"டெம்போ எதுவரைக்கும் வந்துச்சு?"

"இங்க ரோட்டு மேலதாங்க. நாங்களே தூக்கி ஏத்துனோம்."

மேடம் குனிந்தார். செருப்புக் கயிற்றைச் சரி செய்கிறார் என்று அவன் நினைத்திருப்பான். எனக்குத் தெரியும், மேடத்தின் செருப்புக்குக் கயிறு கிடையாது.

"உரலை யாராச்சும் தூக்குவாங்களா அர்ச்சுனா?" என்றார் நிமிர்ந்து. "சாச்சு, ஓரத்துல உருட்டித்தான் கொண்டுபோவாங்க. உருட்டுனா மண்ணுல வளைஞ்சு வளைஞ்சு கோடு விழும். இதோ விழுந்திருக்குது. நாலு கோடு. ஆனா ரோட்டுப் பக்கம் ஒண்ணுகூடப் போகலையே."

நான் கோட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். வாசலைச் சுற்றி, வைக்கோல் போரைத் தாண்டி, பின்பக்கம் மாட்டுக்கொட்டகைக்குப் போனது. இரண்டு மாடுகளும் வெயிலில் கட்டிக் கிடந்தன. மாட்டை வெயிலில் கட்டிவிட்டுக் கொட்டகைக்கு யார் படுதா போடுவார்கள்? படுதாவை விலக்கினேன்.

நீல ஜீப் நாலு உரல் மேல் நின்றது. பட்டையை அச்சோடு இறுக்கிய போல்ட்டு முனைகள் ஒவ்வொரு உரல் குழிக்குள்ளும் கச்சிதமாக இறங்கி உட்கார்ந்திருந்தன. திருட்டை மறந்துவிட்டுப் பார்த்தால் அழகான வேலை. கியர்பாக்ஸ் கழற்றப்பட்டுச் சாக்கின் மேல் கிடந்தது. கழற்றிய போல்ட்டுகள் ஒரு சொம்பில் இருந்தன.

டேஷ்போர்டிலிருந்து மீட்ட விசிலை ஊதினேன். காரிலிருந்து சென்னம்மாள் இறங்கி வந்தார்.

அர்ச்சுனன் வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு, "அக்கா, என் வண்டி மூணு மாசமா நிக்குது. இந்த கியர்பாக்ஸு எங்கயும் கெடைக்கலக்கா. திங்கக்கெழம லோட நான் அடிச்சுக் குடுத்துட்டு, அப்புறமா உன் வண்டிய..." என்று ஆரம்பித்தான்.

சென்னம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. ஜீப்பைச் சுற்றி வந்தார். முன் இடது சக்கரத்துக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த உரலின் விளிம்பில் கையகலத்துக்குக் கல் பெயர்ந்திருந்தது. அதைத் தடவினார்.

"இது என் உரலு," என்றார். "நான்தான் குடுத்தேன். என் வண்டியில நானே ஏத்தி, பிரேக்கு பொகைய பொகைய எறக்கிக் கொண்டாந்து, உன் வூட்டுல நானே வெச்சேன். பொகையப் பாத்துட்டு, 'வண்டிய அடிவாரத்துலயே விட்டுட்டு பஸ்ஸுல போக்கா'ன்னு சொன்னவனும் நீதான். நீ நல்லதுக்குச் சொல்றன்னு நெனச்சேன் அர்ச்சுனா."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அர்ச்சுனனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேடம் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

எனக்கு ஒரே ஒரு கவலைதான். வண்டி கிடைத்துவிட்டது. ஆனால் கியர்பாக்ஸ் சாக்கு மேல் கிடக்கிறது. சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, அந்த மாடலைத் தெரிந்த மெக்கானிக் எவன் வருவான்?

"ஜீப்புல இருவத்தாறு வருசம்," என்றார் மேடம், என் முகத்தைப் பார்த்து. "நம்பரு வாங்கி வெச்சிருக்கற இல்ல?"

*

ராஜாமணி ஒரு மணி நேரத்தில் வந்தார். தன் குட்டிக் காரைத் தரையில் இறக்கி, அதிலேயே நாலு ஸ்டாண்டையும் போட்டுக்கொண்டு, பக்கத்தில் சுமலதாவோடு வந்தார். ஜீப்பைப் பார்த்ததும் மீசை நிமிர்ந்தது. அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, "நான் இதுக்குக் கீழ போக மாட்டேன்," என்றார்.

"வயிறு போகும் சார், நல்ல உசரம்தான்," என்றேன்.

"வயிறு போகும். கல்லு மேல நிக்கற வண்டிக்கு அடியில உசுரு போகக் கூடாது. இரும்பு வளையும், நமக்குத் தெரியும். கல்லு சொல்லிட்டா உடையும்?"

ஜாக்கி வைத்து ஒவ்வொரு மூலையாகத் தூக்கி, உரலை உருட்டி எடுத்துவிட்டு, பலகை போட்டு ஸ்டாண்டு வைத்தோம். நாலையும் ஒரே துளையில் பின் போட்டு நிறுத்தி, மேடம் டேப்பால் அளந்த பிறகுதான் அவர் கீழே போனார். உரலை உருட்டுகிற வேலை அர்ச்சுனனுக்கு. வந்த போலீஸ்காரர்களிடம் சென்னம்மாள் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பூராவும் வேலை நடந்தது. சுமலதா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தார். இரண்டு தடவை, அவர் கேட்ட ஸ்பேனரைக் கொடுக்காமல், "அது இல்ல, பதினேழு," என்று திருத்தியும் கொடுத்தார். சாயங்காலம் பிரேக்கையும் முடித்துவிட்டு, ராஜாமணி யாருடைய உதவியும் இல்லாமல் வெளியே வந்தார். அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோமா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பதினோரு மணி ஆனது. பதினொன்றரை ஆனது. மேடம் ஏதோ ஃபைல் படித்துக்கொண்டிருந்தார், ஆனால் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் ஜன்னலில் நின்றேன். நீல நிறத்தில் எது வந்தாலும் என் கழுத்து நீண்டது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கீழே ஹாரன் கேட்டது.

ஜீப்பில் கூரைக்கு மேலும் சாமை மூட்டை. மூட்டைக்கு நடுவே குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினாள். சென்னம்மாள் இன்ஜினை அணைக்கவில்லை. கம்பெனி இன்னும் இரண்டு தெரு தள்ளி இருந்தது.

"மூணு உரலு அவங்கவங்க வூட்டுக்குப் போயிடுச்சுங்க," என்று கீழிருந்து கத்தினார். "என்னுது ஒண்ணு உங்களுக்குக் கொண்டாந்திருக்கறேன். உங்க ஆபீசுல வர்றவங்க உக்கார ஸ்டூலு பத்தல. தம்பி, வந்து எறக்கிக்க."

இறக்குவது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஆபீஸ் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படிகள். உரலைத் தூக்க முடியாது, உருட்டத்தான் முடியும் என்று மேடமே கண்டுபிடித்துச் சொன்னதால், நானும் உருட்டினேன். ஏழாவது படியில் நின்று திரும்பிப் பார்த்தேன். ஜீப் பச்சை விளக்குக்குக் காத்திருந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தும், சென்னம்மாள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, மேலே நின்ற மேடத்தை நிமிர்ந்து பார்த்துக் கும்பிட்டார். பிறகு கியர் போட்டார். ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது கியர்.

"என்ன பூவரசா, கண்ணுல தண்ணி?" என்றார் மேடம் மேல்படியிலிருந்து.

"உரலு கனம் மேடம்," என்றேன்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக, டீ வாங்க மேடமே படி இறங்கிப் போனார்.